வெட்கப்பட என்ன இருக்கிறது?

அப்பத்தாவுக்கு விரதங்கள் அதிகம். கார்த்திகை, சஷ்டி, பிரதோஷம் என்று மாதத்தில் பல நாள் சாப்பிடாமல்தான் இருப்பாள். கல்யாணம், காதுகுத்து, பால்காய்ப்பு என்று எங்காவது கிளம்ப வேண்டிய நாளாக இருந்தால் அன்றைக்குக் கட்டாயம் ஒரு விரதம் வந்துவிடும். மொய்யை மட்டும் எழுதிவிட்டுப் பந்திக்கு உட்காராமல் திரும்பிவிடுவாள். கடைசி மூன்று நான்கு வருஷங்களாக அதற்கும் வருவதில்லை. "எங்கம்மா மாதிரி சாமி கும்புடுறவுக யாரு இருக்கா" என்று அத்தை பெருமையாகச் சொல்வார். கல்லூரியில் படிக்கும்போது பெண்களும் விரதமும் என்று நான் எழுதிய ஒரு கட்டுரையில் அப்பத்தாவை உதாரணமாக வேறு காட்டியிருக்கிறேன். பசியைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருக்கும் பெண் என்று. பேராசிரியர் அந்த வரிக்குக் கீழே கோடு போட்டுக் கொடுத்தார்.

அது பக்தியே இல்லை. சாப்பிட்டால் வெளிக்குப் போக வேண்டும். வெளிக்குப் போனால் குடல் வெளியே வந்துவிடும். வந்ததைப் படுத்துக்கொண்டு கையால் உள்ளே தள்ள வேண்டும். அதற்கு ஒரு மறைவிடம், தண்ணீர், ஒரு பழைய துணி, கொஞ்ச நேரம், இத்தனையும் வேண்டும். கல்யாண மண்டபத்தில் எதுவும் கிடைக்காது. அதனால் விரதம். இப்படி ஒன்பது வருஷம். ஒரே வீட்டில் இருந்த எங்களில் யாருக்கும் தெரியாது.

எனக்குத் தெரிந்தது ஓர் ஆவணி முகூர்த்த இரவில். எல்லோரும் காரைக்குடியில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். நான் லேப்டாப்போடு வீட்டில் இருந்தேன். பதினொரு மணி இருக்கும். பின்கட்டிலிருந்து குரல் வந்தது. "ஏய்யா, இங்கிட்டு வா. லைட்ட அமத்திட்டு வா."

லைட்டை அணைத்துவிட்டுப் போனேன். இருட்டில்தான் சொன்னாள். தள்ளினால் உள்ளே போக மாட்டேன் என்கிறது, சாயங்காலத்திலிருந்து முயற்சி பண்ணுகிறேன், வலி தாங்கவில்லை. எது உள்ளே போகவில்லை என்று எனக்குப் புரியவே நேரமாயிற்று. அவள் அதற்குப் பெயரே சொல்லவில்லை. "அது" என்றுதான் சொன்னாள்.

ஆட்டோவில் ஒருக்களித்துப் படுக்கவைத்து அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனேன். பணியில் இருந்த டாக்டருக்கு என் வயதுதான் இருக்கும். திரையை இழுத்துவிட்டு உள்ளே பார்த்தவர், வெளியே வந்து கையுறையைக் கழற்றியபடி, "எதுத்தாப்ல டீக்கடை திறந்திருக்கும். சர்க்கரை வாங்கிட்டு வாங்க, கால் கிலோ" என்றார்.

"அப்பத்தாவுக்கு சுகரெல்லாம் இல்லீங்க டாக்டர், லோ ஆக வாய்ப்பில்ல" என்று நான் அறிவாளித்தனமாகச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "குடிக்கறதுக்கு இல்ல. வெளிய வந்திருக்கிறது மேல போடறதுக்கு."

இது கைவைத்தியம் இல்லை. மருத்துவ இதழ்களில் பதிவான முறை. வீங்கிப்போன குடலின் மேல் சாதாரணச் சர்க்கரையைத் தூவினால், திசுவுக்குள் தேங்கிய நீரை அது வெளியே இழுத்துவிடும். உப்புப் போட்ட மாங்காய் தண்ணீர் விடுகிற அதே கதைதான். வீக்கம் வற்றியபின் மெதுவாக உள்ளே தள்ளலாம். வற்றாமல் ரத்த ஓட்டம் நின்றுபோனால் அந்தப் பகுதி அழுகத் தொடங்கும். பிறகு உயிர் பிரச்சினை. அன்றைக்கு அரை மணி நேரத்துக்கு மேல் ஆனது. டீக்கடைக்காரர் பொட்டலம் கட்டிக்கொண்டே "வீட்ல விசேஷமா தம்பி?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

விடியற்காலை திரும்பும்போது ஆட்டோவில் அப்பத்தா என் கையைப் பிடித்தாள். "ஒங்கப்பன்ட்ட மூலம்னு சொல்லிரு. ஒங்க அத்தைக்காரிட்ட அதுவும் வேணாம்." சரி என்றேன். "சத்தியமா?" என்றாள். சத்தியம் என்றேன். இரண்டே நாளில் அதை உடைத்தேன். இந்தக் கட்டுரை அதைப் பற்றித்தான்.

முதலில் 'மூலம்' என்ற சொல். நம் ஊர் பஸ் ஸ்டாண்டுகளில் ஆண்கள் கழிப்பறைச் சுவரைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மூலம், பவுத்திரம், விரைவீக்கம் என்று மஞ்சள் தாளில் சிவப்பு எழுத்து. உடம்பின் அந்தப் பகுதிக்குப் பொதுவெளியில் கிடைத்திருக்கும் ஒரே மொழி அதுதான், அதுவும் ஆண்கள் நிற்கிற பக்கத்துச் சுவரில். மூலம் என்றால் எல்லோருக்கும் தெரியும், யாரும் மேற்கொண்டு கேட்க மாட்டார்கள். அதனால் அது ஒரு கௌரவமான பொய். மருத்துவத் தமிழில் 'மலக்குடல் இறக்கம்' என்கிறார்கள். அந்தச் சொல்லை வாயால் சொன்ன ஒரு மனிதரை நான் இன்னும் சந்திக்கவில்லை. கிராமத்தில் 'அடி தள்ளுது' என்பார்கள். அது கர்ப்பப்பைக்கும் சேரும், இதற்கும் சேரும். சரியான பெயரில்லாத நோயை டாக்டரிடம் எப்படிக் கொண்டுபோவது?

நோய் அபூர்வமானதும் இல்லை. 50 வயதைக் கடந்த பெண்களுக்கு ஆண்களைவிடச் சுமார் ஆறு மடங்கு அதிகமாக வருகிறது. பிரசவம்தான் காரணம் என்று சொல்லிவிட முடியாது, பிள்ளை பெறாதவர்களுக்கும் வருகிறது. பலருக்கு மலத்தை அடக்கும் சக்தியும் சேர்ந்து போய்விடும். முழுக்கைச் சட்டையை அவசரமாகக் கழற்றும்போது கை உள்பக்கம் வெளியே வருகிறதல்லவா, மலக்குடல் அப்படித்தான் தனக்குள்ளேயே மடிந்து இறங்கி வருகிறது. 1968ல் ப்ரோடன், ஸ்னெல்மன் என்ற இருவர் எக்ஸ்ரே சலனப்படம் எடுத்து இதைக் காட்டினார்கள். வெளியே தெரிவதற்கு முன்பே மடிப்பு உள்ளே தொடங்கிவிடுகிறது.

அதற்கு முன்பு வைத்தியம் வேறு மாதிரி இருந்தது. 1891ல் ஜெர்மானிய அறுவை மருத்துவர் தீயர்ஷ் ஆசனவாயைச் சுற்றி வெள்ளிக் கம்பியைச் செலுத்தி முறுக்கிவிட்டார். உள்ளே என்ன இறங்கினாலும் சரி, வாசலை இறுக்கிக் கட்டு. படித்தபோது எங்கள் வீடு ஞாபகம் வந்தது. எங்கள் வீட்டிலும் ஒன்பது வருஷம் அதே வைத்தியம்தான் நடந்திருக்கிறது.

அடுத்த வாரம் மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் காட்டினோம். அறுவை மருத்துவர் நல்லவர், பொறுமையானவர். ஒரு தாளின் பின்பக்கத்தில் படம் வரைந்து எனக்கு விளக்கினார். எனக்கு. அப்பத்தா பக்கத்து ஸ்டூலில் மடியில் மஞ்சப்பையோடு உட்கார்ந்திருந்தாள். இரண்டு வழி உண்டு என்றார். கீழ்வழியாகவே சரிசெய்வது ஒன்று. டெலோர்ம், ஆல்டெமையர் என்று அதில் வகைகள் உண்டு, முழு மயக்கம் கொடுக்காமல் முதுகில் ஊசி போட்டும் செய்யலாம், வயதானவர்களுக்கு அதைத்தான் முன்பெல்லாம் சிபாரிசு செய்வார்கள். இன்னொன்று வயிற்றுவழியாகப் போய் மலக்குடலைத் தூக்கி நிறுத்திக் கட்டுவது. எது உசத்தி என்று கேட்டேன். கீழ்வழி செய்தால் திரும்ப இறங்க வாய்ப்பு அதிகம் என்று காலங்காலமாகச் சொல்லப்படுவதாகவும், ஆனால் பிரிட்டனில் நடத்தப்பட்டு 2013ல் வெளியான ப்ராஸ்பர் ஆய்வு இரண்டுக்கும் பெரிய வித்தியாசத்தை நிரூபிக்கவில்லை என்றும் சொன்னார். அப்பத்தாவுக்கு இதயமும் நுரையீரலும் நன்றாக இருப்பதால் அவர் வயிற்றுவழியைச் சொன்னார். அதிலும் லேப்ராஸ்கோப்பி.

"கேமரா ஆபரேஷன்" என்று அப்பத்தா பக்கம் திரும்பிச் சொன்னார்.

அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "தழும்பு தெரியுங்களா?"

தெரியாது, தொப்புள்கிட்ட ஒன்று, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் சின்னதாக ஒன்றிரண்டு, அரை சென்டிமீட்டர், ஒரு சென்டிமீட்டர்தான், கொஞ்ச நாளில் மறைந்துவிடும் என்றார். "அப்பச் செய்யுங்க" என்றாள். அவ்வளவுதான் அவளுடைய ஆலோசனை.

வலி குறைவு, ரத்த இழப்பு குறைவு, சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம் என்று மருத்துவம் இந்த முறையின் நன்மைகளைப் பட்டியலிடுகிறது. அப்பத்தாவுக்கு அதெல்லாம் இரண்டாம் பட்சம். கிழித்ததற்கு அடையாளம் இருக்காது. பம்புசெட்டில் குளிக்கும்போது "என்ன ஆத்தா இது தழும்பு" என்று ஒருத்தியும் கேட்க மாட்டாள். ரகசியத்தோடு உள்ளே போய் ரகசியத்தோடு வெளியே வரலாம். 1980ல் கீல் நகரத்தில் குர்ட் ஸெம் என்ற மகளிர்நோய் மருத்துவர் வயிற்றைத் திறக்காமல் துளைவழியாகக் குடல்வாலை எடுத்தபோது சக மருத்துவர்கள் அவரைக் கடுமையாகத் தாக்கினார்கள். தன் கண்டுபிடிப்பு ஒரு கிழவியின் மானத்துக்கு இப்படி உதவும் என்று அவர் நினைத்திருப்பாரா தெரியவில்லை.

அன்று இரவு ஆஸ்பத்திரி வராந்தாவிலிருந்து அப்பாவுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அடுத்து அத்தைக்கு.

ஏன் சொன்னேன்? அப்போது கேட்டிருந்தால் பணம் என்று சொல்லியிருப்பேன். என் சேமிப்பும் ஒரு பர்சனல் லோனும் போட்டால் சமாளித்திருக்கலாம். 71 வயதில் முழு மயக்கம், ஏதாவது ஆகிவிட்டால் அப்பாவுக்கு யார் பதில் சொல்வது என்றும் சொல்லியிருப்பேன். இது நியாயமான காரணம். ஆனால் அதற்கு 'மூலம் ஆபரேஷன்' என்ற அவள் கொடுத்த பொய்யே போதும். ஆபரேஷன், மயக்கம், ஆபத்து எல்லாம் அந்தச் சொல்லுக்குள் அடங்கும். அந்த ராத்திரியைத் தனியாகச் சுமக்க முடியவில்லை என்பது இன்னும் கொஞ்சம் உண்மை. அதற்கும் அடியில் இன்னொன்று இருந்தது. எனக்கு ஒரு கொள்கை இருந்தது. 'இதுல வெட்கப்பட என்ன இருக்கு?' என்ற கொள்கை. உடம்பைப் பற்றி வெளிப்படையாகப் பேச வேண்டும், மௌனம்தான் பெண்களைக் கொல்கிறது என்று நான் போஸ்ட் எல்லாம் போட்டிருக்கிறேன். இதோ என் வீட்டிலேயே ஒரு மௌனம். அதை உடைக்கிற வாய்ப்பு எனக்குக் கிடைத்துவிட்டது. அத்தையிடம் பேசும்போது என் குரலில் கொஞ்சம் மேடைத்தொனி இருந்தது. அது எனக்கே கேட்டது.

இரண்டாம் நாளே ஹார்லிக்ஸும் சாத்துக்குடியுமாக ஆட்கள் வந்தார்கள். "இந்த வயசுல எல்லாருக்கும் வர்றதுதான் பெரியாத்தா" என்றார்கள். கதவுக்கு வெளியே "கொடலே வெளிய வந்துருச்சாம்டி" என்றார்கள். அப்பா நான்கு நாளும் தன் அம்மா முகத்தைப் பார்க்காமல் ஆப்பிள் நறுக்கிக்கொண்டே இருந்தார். அப்பத்தா யாரையும் எதுவும் கேட்கவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

குறளில் மானத்துக்கு ஓர் அதிகாரம் இருக்கிறது, நாணுடைமைக்கு இன்னோர் அதிகாரம். நாணுடைமையின் தொடக்கத்திலேயே வள்ளுவர் ஒரு கோடு கிழிக்கிறார். தகாத செயலுக்காகக் கூசுவதுதான் நாணம், பெண்களின் கூச்சம் வேறு வகை. அப்பத்தாவின் வெட்கம் இந்தக் கோட்டில் எந்தப் பக்கம்? அவள் எந்தத் தகாத செயலும் செய்யவில்லை. அது புதுப்பெண் கூச்சமும் இல்லை. செய்யாத ஒன்றுக்காக, தானாக நடக்கிற ஒன்றுக்காக, குற்றவாளி போல ஒளிந்திருந்தாள். இந்த மூன்றாவது வெட்கத்துக்கு எந்த அதிகாரத்திலும் இடம் கிடைக்கவில்லை எனக்கு.

சார்த்தர் 1943ல் எழுதிய 'இருத்தலும் இன்மையும்' நூலில் ஒரு புகழ்பெற்ற காட்சி வரும். ஒருவன் சாவித்துவாரம் வழியாக உள்ளே எட்டிப் பார்க்கிறான். திடீரென்று வராந்தாவில் காலடிச் சத்தம். யாரோ தன்னைப் பார்க்கிறார்கள் என்று தெரிந்த அந்த நொடியில் அவனுக்கு வெட்கம் பிறக்கிறது. தனியாக இருக்கும்போது இல்லாதது, பார்க்கப்படும்போது வருகிறது. சார்த்தர் சொல்வது சரிதான், ஆனால் அங்கே வெட்கப்படுகிறவன் எட்டிப்பார்த்தவன். எங்கள் வீட்டில் எட்டிப்பார்த்தவன் நான், வெட்கப்பட்டவள் அவள். லேப்ராஸ்கோப்பிக்கு ஆங்கிலத்தில் சாவித்துவார அறுவை என்றே ஒரு செல்லப்பெயர் உண்டு. அப்பத்தாவின் அடிவயிற்றை டிவி திரையில் ஆறேழு பேர் பார்த்திருப்பார்கள். அதற்காக அவள் ஒரு துளியும் கூசவில்லை. "டாக்டரு பாத்தா என்னய்யா, அவரு வேல அது" என்றாள். பார்க்கிறவர் யார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. வெட்கப்பட என்ன இருக்கிறது என்று நான் கேட்டது தப்பான கேள்வி. யார் முன்னால் என்று கேட்டிருக்க வேண்டும். அந்தப் பட்டியலைப் போடும் உரிமை அவளுக்கு மட்டும்தான். அவள் போட்டும் கொடுத்திருந்தாள். அப்பாவுக்கு மூலம், அத்தைக்கு அதுவும் வேணாம்.

ஆனால் இங்கேயே முடித்துவிட்டால் நான் எனக்கு வசதியான ஒரு குற்றவுணர்ச்சியோடு தப்பித்துக்கொள்கிறேன் என்று அர்த்தம். ஏனென்றால் ஒன்பது வருஷம் என்பது சின்ன விஷயமில்லை. அவள் பட்டியல்தான் அவளை ஒன்பது வருஷம் பந்தியில் உட்கார விடவில்லை. அன்றைக்கு நானும் கல்யாணத்துக்குப் போயிருந்தால்? லைட்டை அணைத்த பின்கட்டில் அவள் தனியாகவே கிடந்திருப்பாள். மானத்தை மதிக்கிறோம் என்ற பெயரில் ஒரு மனுஷியை அப்படியே விட்டுவிடுவதும் நடக்கிறதுதானே. நம் வீடுகளில் அதுதான் அதிகம் நடக்கிறது.

இன்னொன்றும் நடந்தது. ஆபரேஷனுக்கு முந்தைய ராத்திரி வராந்தா பெஞ்சில் அத்தை என் பக்கத்தில் உட்கார்ந்து, எங்கேயோ பார்த்துக்கொண்டு சொன்னார்: "எனக்கும் இருமுனா ஒண்ணுக்கு வந்துருதுடா. நாலு வருசமா. ஒங்க மாமாவுக்கே தெரியாது." நான் அப்பத்தாவின் ரகசியத்தை உடைத்திருக்காவிட்டால் இது என் காதுக்கு வந்திருக்காது. அத்தை இப்போது டாக்டரிடம் காட்டி, பயிற்சி செய்துகொண்டிருக்கிறார். ஒருத்தியின் மானத்தில் கை வைத்து இன்னொருத்திக்கு வாய் திறந்தது. இதைக் கழித்துக் கூட்டி என்ன விடை எழுதுவது? எனக்குத் தெரியவில்லை. அப்பத்தாவை அத்தைக்கான விலையாகப் பயன்படுத்த எனக்கு யார் அனுமதி கொடுத்தது என்பது மட்டும் உறுத்துகிறது.

அறுவை சிகிச்சை சுமார் இரண்டு மணி நேரம் நடந்தது. கார்பன் டை ஆக்சைடு வாயுவால் வயிற்றை உப்பவைத்து, தலைப்பக்கம் தாழ்த்திச் சாய்த்துப் படுக்கவைக்கிறார்கள். குடல்கள் தாமாகவே மார்புப் பக்கம் சரிந்து இடம் விடும். பழைய முறையில் மலக்குடலைப் பின்பக்கமும் பக்கவாட்டிலும் முழுக்க விடுவித்துத் தூக்குவார்கள். நன்றாக நிற்கும், ஆனால் அந்தப் பக்கங்களில்தான் நரம்புகள் ஓடுகின்றன. அவை அடிபட்டு, இறக்கம் சரியானவர்களுக்கு மலச்சிக்கல் மோசமானது. பெல்ஜியத்தில் லூவன் நகரத்து அறுவை மருத்துவர் டி'ஹோர் முன்பக்கத்தை மட்டும் பிரித்து, அங்கே ஒரு வலைப்பட்டையைத் தைத்து, அதன் மறுமுனையைத் திருவெலும்பின் மேல்விளிம்பில் பொருத்தினார். பின்னும் பக்கமும் கை வைப்பதில்லை. 42 பேரிடம் செய்து பார்த்ததன் பலனை 2004ல் வெளியிட்டார். அப்பத்தாவுக்கு நடந்தது இதுதான். வலை வயிற்றுக்குள் ஆயுளுக்கும் இருக்கும். குடல் அதில் ஒட்டிக்கொள்ளாதபடி மேலே உறையை இழுத்து மூடித் தைக்கிறார்கள்.

வலையைப் பற்றியும் கொஞ்சம் பயந்தேன். பிரிட்டனில் பிறப்புறுப்பு இறக்கத்துக்கு வைத்த வலைகளால் பல பெண்கள் தீராத வலியில் விழுந்தார்கள். 2018ல் அந்த அறுவைகளைத் தற்காலிகமாக நிறுத்தினார்கள். 2020ல் வந்த கம்பர்லெஜ் அறிக்கை, பெண்கள் வலிக்கிறது என்று சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை என்று எழுதியது. அப்பத்தாவின் வலை வேறு இடத்தில், வேறு விதமாக வைக்கப்படுவது, ஆபத்து குறைவு என்றார் டாக்டர். அதையும் என்னிடம்தான் சொன்னார். 2008ல் நம் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது: லேப்ராஸ்கோப்பிப் பரிசோதனைக்காக மயக்கம் கொடுக்கப்பட்ட ஒரு பெண்ணின் கர்ப்பப்பையை, வெளியே நின்ற தாயிடம் சம்மதம் வாங்கி அகற்றியது செல்லாது, சம்மதம் அந்தப் பெண்ணுடையதாக இருக்க வேண்டும் என்று. எங்கள் படிவத்தில் அப்பத்தாவின் பெருவிரல் ரேகை இருந்தது. அதற்குக் கீழே உறவினர் என்ற இடத்தில் என் கையெழுத்து. வலை என்ற சொல்லை அவள் காதில் யாரும் போடவில்லை. நானும் போடவில்லை. பயந்துவிடுவாள் என்று நினைத்தேன். ஊருக்கெல்லாம் அவள் ரகசியத்தைச் சொன்னவன், அவள் உடம்புக்குள் இருக்கப்போவதை அவளிடம் சொல்லவில்லை. மூன்று மாசம் கழித்துத்தான் சொன்னேன். "கொசுவல மாதிரியாய்யா?" என்றாள். ஆமா என்றேன்.

இந்தக் கட்டுரையை எழுதலாமா என்று அவளிடம் கேட்டேன். முறத்தில் கடலை புடைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. "ஊர்ப்பேரு போடாத. எம்பேரு போடாத. பொடவ நெறத்தக்கூட எழுதாத" என்றாள். போடவில்லை. அத்தையும் சரி என்றார். இதற்குப் பெயர் சம்மதமா என்று உங்களுக்கு வருகிற சந்தேகம் எனக்கும் இருக்கிறது.

தை மாசம் அப்பத்தா பழனிக்குப் போய்வந்தாள். பத்து வருஷத்தில் முதல் முறையாக பஸ் ஏறினாள். கூட்டிக்கொண்டு போகிறேன் என்று முன்பே சொல்லி வைத்திருந்தேன். ஆனால் பக்கத்து வீட்டுப் பெண்ணோடு, எனக்குச் சொல்லாமல், விடிகாலையிலேயே கிளம்பிவிட்டாள். திரும்பி வந்து எல்லோருக்கும் பஞ்சாமிர்தம் கொடுத்தாள். எனக்கும் ஒரு டப்பா எடுத்து வைத்திருந்தாள். நான் போன் பண்ணும்போதெல்லாம் உடம்பு எப்படி இருக்கு என்று கேட்கிறேன். "நல்லாருக்கேன்யா" என்கிறாள். அந்த ஒன்பது வருஷமும் இதே சொல்லை இதே குரலில்தான் சொல்லிக்கொண்டிருந்தாள்.